அவசியமான பயணம்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு ‘மைக்கு’ என்று பெயர். ஓட்டுநர்கள் வைத்த பெயர். மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது, எது இன்னும் வரவில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. மைக் இல்லாமலே அவள் குரல் கடைசி மேடை வரை எட்டும் என்பது கண்டக்டர்களின் அபிப்பிராயம். அவள் அதை மறுத்ததில்லை. பிறந்தபோதே நான் அழவில்லை, அறிவிப்புதான் கொடுத்தேன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வாள்.

தயக்கம் என்பது அவளுக்கு வாய்க்காத வியாதி. கணவரைக்கூட அவளே வாய்விட்டுக் கேட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் கப்பலில் சமையல்காரர். ஒருமுறை விடுமுறையில் வந்து வண்டியைத் தவறவிட்டு, அடுத்த வண்டி எப்போது என்று கேட்க மாடியேறி வந்தவர். விடுமுறை முடிவதற்குள் மூன்று வண்டிகளைத் தவறவிட்டார். நான்காவது முறை வந்து நின்றபோது அவளே கேட்டுவிட்டாள்: “என்னைக் கட்டிக்கிறீங்களா?”

“எனக்கொண்ணும் அவசரமில்லை,” என்றார் அவர். மறுநாள் காலையில் அக்காள், தங்கை, மாமா என்று ஒரு பட்டாளத்தையே அழைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்றார்.

அந்த மனிதரின் பாஷை அப்படி. ‘போதும்’ என்றால் இன்னும் ஒரு கரண்டி போட வேண்டும். ‘பரவாயில்லை’ என்றால் உள்ளே குமுறிக்கொண்டிருக்கிறார். ‘நீ தூங்கு’ என்றால் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும். ஆரம்பத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. பிறகு பழகிவிட்டது. எதைச் சொன்னாலும் சட்டையைத் திருப்பிப் போடுவதுபோல் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அர்த்தம் சரியாக வந்துவிடும்.

வைரஸ் வந்தபோது அவர் கடலில் இருந்தார். குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. கன்னம் எது, கழுத்து எது என்று தெரியாத அளவுக்குக் கொழுகொழுவென்று இருந்ததால் ‘உருண்டை’ என்று கூப்பிட்டார்கள். அப்பாவும் மகளும் போனில் பார்த்துக்கொண்டதோடு சரி. அதுவும் கப்பல் ஏதாவது கரையைத் தொட்டால்தான். குழந்தை அவரைத் திரையில் பார்த்ததும் நக்கப் போகும். அவர், “அங்கேயே இருக்கட்டும், ரொம்பக் கிட்ட காட்டாதே,” என்பார். கிட்டே காட்டச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு மைக்கு போனைக் கன்னத்தில் ஒட்டிவைப்பாள்.

அந்த நோய் பெரியவர்களைக் காய்ச்சலோடு விட்டுவிட்டது. கைக்குழந்தைகளைத்தான் மூச்சுத் திணற வைத்தது. ஒரு வயது ஆகாமல் தடுப்பூசியும் போட முடியாது. பேருந்து நிலையத்துக்கு மேலிடத்திலிருந்து புது அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் சொல்ல வேண்டும்: “அவசியமற்ற பயணங்களைத் தவிர்க்கவும்.” அவளும் கணீரென்று சொன்னாள். மைக் திறந்திருக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். புழுக்கத்தில் வியர்த்து ஒரு நாள் அவள் தும்மிவிட்டாள். அத்தனை ஒலிபெருக்கிகளிலும் அந்தத் தும்மல் போய்ச் சேர்ந்தது. கீழே ஐந்தாம் மேடை காலியாகிவிட்டது.

அதற்குப் பிறகும் பயணிகள் மாடியேறி வந்து அவளிடம் யோசனை கேட்டார்கள். “எங்க மச்சினன் என்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். சமாதானம் பண்ணப் போறேன். இது அவசியமா, இல்லையாம்மா?” என்று ஒருவர்.

“எத்தனை வருஷக் கோவம்?”

“ஆறு வருஷம்.”

“ஆறு வருஷம் ஆறாதது இன்னும் ஆறு மாசத்துல கெட்டா போயிடும்? திரும்பிப் போங்க.” அவர் திரும்பிப் போனார். அவள் அடுத்த வண்டியை அறிவித்தாள். ஊருக்கெல்லாம் எது அவசியம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அவரிடமிருந்து போன் வந்தது. சரக்கு ஏற்றுவதற்காகக் கப்பல் நம் கரைக்கே வருகிறது. இங்கிருந்து பகல் முழுக்கப் பஸ்ஸில் போனால் அந்தத் துறைமுகம். ஓரிரு நாள் நிற்கும், பிறகு கிளம்பினால் அடுத்த வருஷம்தான். நோய் காரணமாகக் கப்பல் ஆட்களை ஊருக்குள் விடமாட்டார்கள். வாசல் கம்பிக்கதவு வரை வந்து குடும்பத்தைப் பார்க்கலாம், குழந்தையைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கலாம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர், “ஆனா இந்த நேரத்துல நீ வரணும்னு அவசியமில்ல,” என்றார்.

அவள் போனை வைத்தாள், மின்விசிறியை நிறுத்தினாள், மைக்கைத் திறந்தாள். “அவசியமற்ற...” என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் குரல் நடுவில் நின்றதில்லை. கீழே ஓட்டுநர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

வீட்டின் கீழ்த்தளத்தில் அவள் நாத்தனாரின் ஜெராக்ஸ் கடை. வைரஸ் எச்சரிக்கைச் சுவரொட்டிகள் எல்லாம் அந்தக் கடையில்தான் நகலெடுக்கப்பட்டன. பகலில் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உருண்டையைப் பார்த்துக்கொள்வதும் நாத்தனார்தான். மைக்கு விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்தாள்.

“எங்க அண்ணனுக்கு அவசியமில்லன்னா, ஓடி வான்னு அர்த்தம் அண்ணி. சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்து கை ஒடிஞ்சு தொங்குது, ‘ஒண்ணுமில்ல’ன்னுதானே சொல்லுச்சு.”

“அதேதான் நானும் நெனச்சேன்.”

“ஆனா ஒண்ணு. போகாதீங்க போகாதீங்கன்னு ஊரையே தடுக்கறது நீங்க. ஊருக்குத்தான் உபதேசமா?”

 குழந்தை பாயில் குப்புற விழுந்து ஒரு காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தது. மைக்கு அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு சின்ன மூக்கு, இதற்குள் எவ்வளவு காற்று போய்விட முடியும் என்று நினைத்தாள். அதே சமயம் அவருடைய முகமும் கண்ணில் நின்றது. ஒரு வருஷம் கழித்து வந்தால் இந்த உருண்டை இருக்காது. நடந்து, பேசி, வேறு ஆளாகியிருக்கும். இந்தக் கனத்தை அவர் கையில் ஒருமுறைகூட வாங்காமல் போய்விடுவார்.

பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் அவளுக்கு ஆகாது. குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா நேராகப் பேசுபவர்.

“அவசியமான்னு நான் சொல்ல முடியாது, அது உங்க குடும்ப விஷயம். போறதுன்னா அடைச்ச வண்டி வேண்டாம், கூட்டம் வேண்டாம். குழந்தைக்கு மாஸ்க் போடாதீங்க, மூச்சு முட்டும். வெளியாள் யாரையும் தூக்க விடாதீங்க. முக்கியமா, காய்ச்சல்காரங்க இருக்கற இடத்துப் பக்கமே போகக் கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் போகாதீங்க.”

வழி கிடைத்துவிட்டது. வண்டி விஷயம் அவளுக்கு விரல் நுனி. துறைமுகத்துக்குப் போகும் வண்டிகளில் ஒன்றுக்கு ‘சல்லடை’ என்று பெயர். ஜன்னல்கள் ஒன்றும் மூடாது. மழைக்காலத்தில் உள்ளே குடை பிடிப்பார்கள். வசதி தெரிந்தவர்கள் யாரும் அதில் ஏறமாட்டார்கள். “காத்துல சல்லடைக்கு மிஞ்சின ஆஸ்பத்திரி உண்டா?” என்று முடிவு செய்தாள். வார நடுவில், கூட்டமில்லாத நாளில் கிளம்புவது. கண்டக்டரிடம் முதல் வரிசையைச் சொல்லிவைத்தாள். சாப்பாடு, வெந்நீர், துணிகள், எல்லாம் வீட்டிலிருந்தே. வழியில் எங்கும் இறங்குவதில்லை.

அந்த நாளும் வந்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை ஏற்றிவிட்டுப் போனாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். “குழந்தை வருது, எல்லாரும் பின்னாடி, பின்னாடி,” என்று கண்டக்டர் பயணிகளை ஆடு மாதிரி விரட்டினார். மேலே ஒலிபெருக்கியில் அவளுக்குப் பதிலாக வந்திருந்தவர் ஈனக் குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். ‘சோறு சாப்பிட்டுட்டு வரக் கூடாதா இந்த ஆளு’ என்று எரிச்சலாக இருந்தது. வண்டி கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அவள் அவருக்குப் போன் போட்டாள்.

“ஏறிட்டோம்,” என்றாள் வெற்றியோடு.

‘எதுக்கு இந்த அலைச்சல்’ என்பார், அல்லது ‘சொன்னா கேட்டாத்தானே’ என்பார் என்று காத்திருந்தாள். இரண்டுக்கும் உள்ளூரக் குளிர்ந்துபோனார் என்று அர்த்தம். 

“சரி,” என்றார். “சந்தோஷம். ரெண்டு பேரும் அவசியம் வாங்க.”

அவளுக்குப் பகீரென்றது.

“என்னங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“இல்லையே.”

“அப்ப ஏன் நேராப் பேசறீங்க?”

 அவள் விடவில்லை. அவள் கேட்கத் தொடங்கினால் கல்லும் பேசும். கடைசியில் சொன்னார். அவரோடு ஒரே அறையில் படுக்கும் எஞ்சின் ரூம்காரருக்குக் காய்ச்சல். அதே காய்ச்சல்தான் என்று சொல்லிவிட்டார்களாம். இவருக்கு ஒன்றுமில்லை, இருந்தாலும் தனியாக வைத்திருக்கிறார்கள்.

“அப்ப கதவுகிட்ட எப்படி விடுவாங்க?”

“நீங்க கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க, நான் ரொம்பத் தள்ளி நின்னு ஒரு தடவை பார்த்துக்கறேன். காவல்காரர்கிட்ட கெஞ்சிக் கேட்டு வெச்சிருக்கேன்.”

“அவருக்கு எப்பலேர்ந்து உடம்பு சரியில்ல?”

“உன்கிட்ட முதல்ல பேசினேனே, அன்னைக்கே இருமல்தான்.”

“அன்னைக்கே ஏங்க சொல்லல?”

“சொன்னேனே. வரணும்னு அவசியமில்லன்னு.”

 மைக்கு பின் வரிசை வரை கேட்கிறமாதிரி வெடித்தாள்: “வாழ்க்கையிலயே ஒரே ஒரு தடவை நேராப் பேசியிருக்கீங்க, ‘இதை அப்படியே எடுத்துக்கோ’ன்னு அதையும் சேர்த்துச் சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருக்கணும்.”

“சரி, இன்னைக்கு ஏன் வான்னு சொன்னீங்க?”

“நீ ஏறிட்டேன்னு சொன்னதும்...” அவர் குரல் உடைந்தது. “பார்க்கணும்போல இருந்துச்சு. ரொம்ப. வாய்தவறி வந்துடுச்சு. தப்புதான்.”

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை வந்தது. ஆனால் முடிவெடுக்க அழுகை முடியும்வரை காத்திருக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது காதில் இருந்தது. காய்ச்சல்காரர்கள் இருக்கும் இடத்துக்கு, நாள் முழுக்கப் பயணம் செய்து, தூக்கவும் முடியாத ஒருவரிடம் குழந்தையைத் தூரத்திலிருந்து காட்டுவதா? அவருடைய ஆசை நியாயமானது. அதற்கு விலையாக உருண்டையின் மூச்சை வைக்க முடியாது.

“தூரத்துலேர்ந்து பார்க்கறதுக்கு போனே போதுங்க. நாங்க இறங்கறோம்.”

“இறங்கிடு,” என்றார். இந்த முறை அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கண்டக்டர் விசில் ஊதப்போனவர் அவள் பையைத் தூக்குவதைப் பார்த்து நிறுத்தினார். “என்ன மைக்கு, எங்க கிளம்பிட்டே? அவசியமான பயணம்னியே?”

“அவசியந்தாண்ணே, எங்க ரெண்டு பேருக்கும். குழந்தைக்கு இல்ல.”

 அவர் பையை வாங்கிக் கீழே வைத்தார். வண்டி போன பிறகு, ஆளில்லாத மேடைக் கோடியில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். இறங்கியது சரியா என்று ஒரு கணம்கூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அவரை நினைத்துத்தான் அழுதாள்.

இறங்கியது எவ்வளவு சரி என்பது பிறகு தெரிந்தது. மறுநாளே அவருக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல்காரரை வைத்துக்கொண்டு கப்பல் போக முடியாது. அவரையும் எஞ்சின் ரூம்காரரையும் கரையில் ஒரு விடுதியில் இறக்கிவிட்டு வேறு ஆள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. மைக்கு தினமும் போன் செய்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டாள். “மூச்சு வாங்குதா? ஆமாவா, இல்லையா? கஞ்சி எறங்குச்சா? ஆமாவா, இல்லையா?” என்று விசாரணை நடந்தது. ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு காய்ச்சல் விட்டது. டாக்டர்கள் போகலாம் என்ற பிறகும் அவர் அங்கேயே சில நாள் கூடுதலாக இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அவர் வந்து சேர்ந்தபோது பாதி ஆளாக இருந்தார். ஜெராக்ஸ் கடைக்குள் நுழையாமல் வெளியே குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடி கழுவினார், சட்டையை மாற்றினார். உள்ளே நாத்தனார் இடுப்பில் உருண்டை. அருகில் மைக்கு.

குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அடுத்த கணம் வீறிட்டு, அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“புது முகமில்லையா, பயப்படறா. பழகட்டும் அண்ணா, சாயங்காலமாத் தூக்கிக்கலாம்,” என்றாள் நாத்தனார்.

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார் என்று இரண்டு பெண்களும் நினைத்தார்கள். அவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

“எனக்கு வேணும். குடு.”

குழந்தை அவர் கைக்குப் போயும் அழுதது, உதைத்தது, மூக்கைப் பிறாண்டியது. அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல், அவளைத் தூக்கிக்கொண்டே கடைக்குள் முன்னும் பின்னுமாக நடந்தார். மைக்கு ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.