கண்டக்டருக்கு மிஞ்சிய பேச்சு

கண்டக்டர் நாளெல்லாம் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவார். வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். சோறு வேண்டும் என்றால் தட்டைப் பார்ப்பார், சட்டை வேண்டும் என்றால் கொடியைப் பார்ப்பார். பெண்சாதியைக் கூப்பிட "இந்தா" என்ற ஒரே சொல்தான்.

"ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிக்கிற மனுஷன், எனக்கு ஒரு வார்த்தை கிழிச்சுக் குடுக்க மாட்டேங்கிறாரே" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குள் எரிச்சல் இல்லாமல் இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஓய்வு பெற்ற பிறகாவது பேசுவார் என்று காத்திருந்தாள். அதற்குள் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கை விழுந்தது. பேச்சும் போனது.

முழுசாகப் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் முக்கி முனகுவார், ஒன்றும் வராது. ஆனால் திடீரென்று, "மார்க்கெட், வாட்டர் டேங்க், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பாலம்!" என்று தன் பஸ் நிற்கும் இடங்களைப் பழைய குரலில், பிசிறில்லாமல் கொட்டுவார். கெட்ட வார்த்தையும் அப்படித்தான், சுத்தமாக வரும்.

"நடிக்கிறான்டி. உன் மேல என்ன கோவமோ" என்றாள் அவருடைய அக்கா. பெண்சாதிக்கும் அந்தச் சந்தேகம் அரித்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண்தான் அதைத் தீர்த்து வைத்தாள். "அம்மா, இதுவரைக்கும் யாருமே சொல்லாத ஒன்னு சொல்லுங்க" என்றாள்.

அவள் யோசித்தாள். "எங்க நாத்தனார் செருப்புக்குள்ள ஒரு லாரி தூங்குது."

பயிற்சிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "இதை நீங்க எங்கயும் கேட்டிருக்க மாட்டீங்க. ஆனாலும் சொன்னீங்க, எனக்கும் புரிஞ்சுது. மனசு பேச்சை மூட்டை கட்டி வச்சிருக்கிறதில்லம்மா. வார்த்தைங்களையும் அதைக் கோர்க்கிற வழியையும்தான் வச்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் புதுசா கோர்க்குது. ஆனா தினம் சொல்லிப் பழகினது, திட்டுறது, எண்ணுறது எல்லாம் கட்டியா இறுகித் தனியா கிடக்கும். அவருக்குக் கோர்க்கிற இடத்துல அடி. அந்தக் கட்டிப் பேச்சு மட்டும் தப்பிச்சிருக்கு. அவர் நடிக்கல."

"மறுபடி கோர்க்க வருமா?"

"வரலாம். அவர் முக்குறப்ப உடனே எடுத்துக் குடுக்காதீங்க. கொஞ்சம் பொறுத்து நில்லுங்க."

அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லை அவள் வழியிலேயே தொலைத்துவிட்டாள். பிடிவாதக்காரி. அவர் பஸ் நிற்கும் இடங்களைக் கத்தினால் திரும்பியும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். "கல்நெஞ்சுக்காரி" என்று அக்கா திட்டினாள். ஒருநாள் அவர் வியர்த்து விறுவிறுத்து, "தண்ணி... தா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டார். அவள் சமையலறைக்கு ஓடி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணமானதிலிருந்து அவளுக்கென்று அவர் செய்து கொடுத்த முதல் பேச்சு அது. இன்னொன்று வேண்டும் என்ற பேராசை அவளைப் பிடித்துக்கொண்டது.

பிறகு ஒரு மத்தியானம் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "மார்க்கெட், வாட்டர் டேங்க், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி." நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவை குரல் தேய்ந்திருந்தது. கோர்ட்டும் பாலமும் வரவில்லை.

கட்டி உடைகிறது என்று அவளுக்குச் சந்தோஷம். கால் தானாக அறைப் பக்கம் நகர்ந்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. கோர்க்கிறார் என்று நினைத்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவர் நினைப்பைக் கலைத்துவிடக் கூடாதே என்று அசையாமல் நின்றாள்.

உள்ளே போனபோது அவர் நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தார். இடது கை நெஞ்சுச் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

உடலருகில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. ஆஸ்பத்திரி என்ற சொல்லைத் தனியாக எடுக்க அவருக்கு வழியில்லை. மார்க்கெட்டில் ஏறித்தான் அங்கே போய் இறங்க முடியும். மூன்று தடவை போய் இறங்கியிருக்கிறார். பாவி, அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னானாடி? உன்னைக் கூப்பிட்டானா?" என்று அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வாயைத் திறந்தாள். வேண்டியதெல்லாம் சின்னச் சின்னச் சொற்கள்தான். கூப்பிட்டார். கேட்டது. போகவில்லை. அவளுக்குக் கோர்க்க வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னதையே அக்காவிடமும் சொன்னாள்.

"நல்லாத்தான் இருந்தாரு அண்ணி. நல்லாத்தான் இருந்தாரு."