ஏழாவது கட்டை

அச்சுக்காரர் தனக்கென்று ஒரு மேசை செய்யப் போகிறார் என்றதும் வீட்டில் யாரும் நம்பவில்லை. நம்பும்படியாக அவர் அதுவரை எதையும் செய்து வைத்திருக்கவும் இல்லை. சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் ஆணி ஒரு பக்கம், சுண்ணாம்பு ஒரு பக்கம் என்று பெயர்த்து வைக்கிற ஆள். ஆனால் அச்சு இயந்திரத்தின் முன்னால் நிறுத்திப் பாருங்கள், ஆளே வேறு. இருபத்திரண்டு வருடமாக அந்த இரைச்சலில் நின்று, ஒரு மயிரிழை கோணல் என்றாலும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார்.

சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் இசை. பெரிய ஆள் என்றெல்லாம் இல்லை. பள்ளிக்கூட நாடகத்துக்கு, நடன வகுப்புக்கு, யாராவது கடை திறந்தால் அதன் விளம்பரத்துக்கு என்று சின்னச் சின்னதாகப் போட்டுக் கொடுப்பார். அதற்கென்று வீட்டில் ஓர் அறை. நீளவாக்கில் பதினொன்றரை அடி. நீளச் சுவரில் இரண்டு கோடியிலும் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரிகள். நடுவில் ஐந்தடி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் ஒரு பழைய சாப்பாட்டு மேசையைச் சொருகி, அதன்மேல் கம்ப்யூட்டர், பெரிய கீபோர்டு, தலையணை அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர் என்று அடைத்து வைத்திருந்தார். மேசையோ, தொட்டால் ஆடும். தொடாவிட்டாலும் ஆடும்.

இப்படி ஒன்பது வருடம் ஓடியது. அவர் மேசை செய்யக் கிளம்பியதற்குக் காரணம் அந்த ஆட்டம் என்று மனைவி நினைத்தாள். மச்சினனும் அப்படித்தான் நினைத்தான். உண்மையான காரணத்தை மனுஷன் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் நடன வகுப்பு டீச்சர் போன் பண்ணினார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு அருமை. ஆனா கீழ இருந்து ஒரு சத்தம் வருது பாருங்க, குமுறுது. ஹால் ஜன்னலெல்லாம் நடுங்குது. பிள்ளைங்க ஆடறத விட்டுட்டுச் சிரிக்குதுங்க."

எந்தச் சத்தம் என்று இவருக்குப் புரியவில்லை. பாட்டைப் போட்டுக் கேட்டார். குமுறலாவது ஒன்றாவது! கீழ் ஸ்வரம் போதாது என்று அவரே ஏற்றி வைத்தது அல்லவா அது? கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். இடக்கோடியிலிருந்து ஏழாவது வெள்ளைக் கட்டைக்கு வந்தபோது மூன்று தடவை அழுத்தினார். அந்தக் கட்டை மட்டும் ஊமை. பக்கத்துக் கட்டைகள் பேசின. இது பேசவில்லை. கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் பச்சைக் கோடு உச்சிக்கு ஏறி நிற்கிறது. சத்தம் போகிறது என்று அர்த்தம். அவர் காதில்தான் விழவில்லை.

இருபத்திரண்டு வருட இயந்திர இரைச்சல். காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். தாள் ஓடுகிற சத்தத்தை வைத்துத்தானே கோளாறு கண்டுபிடிப்பது என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த மகாராஜன் இவர். அவருக்கு மேலே வேலை பார்த்த போர்மேன் இன்றைக்கு ஒரு வார்த்தை கேட்க மூன்று முறை "என்ன?" என்கிறார். முதலில் ஒரு சத்தம் போகும், அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒவ்வொன்றாக என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். பயம் என்றால் அப்படி ஒரு பயம். சாப்பிடும்போது பயம், பஸ்ஸில் பயம். மனைவி அடுக்களையிலிருந்து கூப்பிட்டால், கேட்டுவிட்டதே என்று ஒரு சந்தோஷம், நாளைக்கும் கேட்குமா என்று உடனே ஒரு பயம்.

காது டாக்டரிடம் போகலாம். இரண்டு தடவை நேரம் வாங்கினார். இரண்டு தடவையும் போகவில்லை. டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் அது உண்மையாகிவிடுமே! மூன்றாவது தடவை, மூன்று வாரம் தள்ளி ஒரு திங்கட்கிழமைக்கு வாங்கியிருந்தார். அதற்குள் ஒரு நப்பாசை. குற்றம் காதில் இல்லாமல் அந்த லொடலொட மேசையில் இருந்தால்? அது ஆடி ஆடி அந்த ஒரு ஸ்வரத்தை விழுங்கிக்கொண்டிருந்தால்? அப்படியானால் ஆடாத மேசை ஒன்றைச் செய்து, அதே இடத்தில் போட்டு, ஏழாவது கட்டையை அழுத்திப் பார்க்க வேண்டியதுதான். கேட்டால் மேசை குற்றவாளி. கேட்காவிட்டால் திங்கட்கிழமை டாக்டர்.

ஆகவே மேசை. அச்சகத்துக் கழிவுத் தாள்களை ஒட்டி, தரையில் விரித்து, மேசையை அதன் முழு அளவிலேயே வரைந்தார். உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் கீபோர்டு எந்த உயரத்தில் இருக்கவேண்டும், ஸ்பீக்கர் எவ்வளவு ஏறவேண்டும், வயர் போக ஓட்டை எங்கே என்று எல்லாம் மில்லிமீட்டரில். தடித்த பிளைவுட் வாங்கி, மரக்கடையிலேயே கொடுத்து அறுக்கச் செய்தார். கால்களைப் பெட்டி மாதிரி செய்து உள்ளே மணலை நிரப்பினார்.

"மேசையா மாமா, பாலமா?" என்றான் மச்சினன். துளை போடும் மெஷின் அவனுடையது. அதனால் வாய் கொஞ்சம் நீளம்.

"நீ துளையப் போடுடா மாப்ள. பேச்ச அப்புறம் போடலாம்."

சும்மா சொல்லக்கூடாது, மூன்று ஞாயிறு வேலையில் மேசை கம்பீரமாக எழுந்துவிட்டது. முற்றத்தில் நிறுத்தி மச்சினன் அதன்மேல் ஏறிக் குதித்துக்கூடப் பார்த்தான். அசையவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் வாரம் பூராவும் பேசித் தீர்க்கிற மனைவி அதை இரண்டு தடவை சுற்றி வந்தாள். "நீங்களா செஞ்சீங்க?" என்று மேசையைத் தடவிப் பார்த்தாள். அவருக்கு வாயெல்லாம் பல். ஆனால் உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. மறுநாள் திங்கள்.

பழையதை அப்புறப்படுத்திவிட்டு, மூன்று பேருமாக மூச்சுப் பிடித்துப் புதியதைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே வைத்தார்கள். வைத்தார்கள் என்றா சொன்னேன்? வைக்கப் பார்த்தார்கள். மேசை உள்ளே போகவில்லை.

"தள்ளுடா."

"தள்ளிட்டுதான் இருக்கேன் மாமா. இடிக்குது."

டேப்பை எடுத்து அளந்தார்கள். மேசை ஆறு மில்லிமீட்டர் கூடுதல். ஒரு பக்கத்துக்கு மூன்று, மறு பக்கத்துக்கு மூன்று. அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அச்சகத்தில் படம் தாளின் விளிம்பு வரை வரவேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூட்டித்தான் அடிப்பார்கள். அடித்த பிறகு கத்தியில் கொடுத்து அதை வெட்டி எறிவார்கள். இருபத்திரண்டு வருடமாகச் செய்வதைக் கை தன்னால் செய்துவிட்டது. கூட்டியது ஞாபகம் இருந்தது, வெட்டுவதை மறந்தாயிற்று. இப்போது பக்கப் பலகை பசை காய்ந்து, திருகெல்லாம் முடுக்கி, கல்லாக நிற்கிறது.

"இப்படியும் ஒரு மனுஷன் அளப்பானா!" என்று மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "அடுத்த வாரம் மரக்கடையில கொடுத்து இழைச்சுக்கலாம் மாமா. இதுக்கு ஏன் இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?"

அடுத்த வாரமா! அவருக்கு அடுத்த வாரம் எதற்கு? இன்றைக்கே தெரிய வேண்டும். அதே இடத்தில் தெரிய வேண்டும். அதைச் சொல்ல முடியாமல் எரிந்து விழுந்தார். "உனக்கென்ன தெரியும், வாய மூடு!"

மச்சினன் முகம் சுருங்கிவிட்டது. மனைவிதான் குறுக்கே வந்தாள். "எதுக்கு இப்ப அவன்மேல பாயறீங்க? வழிய மறிச்சுட்டு எவ்வளவு நேரம் நிக்கும் இது? ஜன்னல் பக்கம் போட்டுட்டு வேலையப் பாருங்க. இழைச்சப்புறம் உங்க இஷ்டப்படி உள்ள தள்ளிக்கலாம்."

வேண்டாவெறுப்பாக அதைத் தூக்கி, குறுகிய சுவரில் ஜன்னலுக்குக் கீழே போட்டார்கள். வயர்களைச் செருகினார். கீபோர்டை வைத்தார். இங்கே பார்த்து என்ன பிரயோஜனம், இடமே மாறிப் போச்சே என்று புலம்பிக்கொண்டேதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏழாவது கட்டையை அழுத்தினார்.

வந்தது.

நெஞ்சில் வந்து உட்கார்ந்தது அந்த ஸ்வரம். தடித்து, உருண்டு, நான்கு மாதம் எங்கே போயிருந்தாய் என்று கேட்காத குறையாக வந்தது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். வந்தது. ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. அதிகமாக ஏற்றி வைத்துவிட்டோமோ? ஜன்னல் அதிர்கிறதோ? காது நம்மை ஏமாற்றுகிறதோ? கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்திருந்தார்.

மனைவி அதற்குள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பழைய மேசை இருந்த இடத்தில், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே சேர்ந்திருந்த ஒன்பது வருடத்துத் தூசியைக் கூட்டப் போயிருந்தாள். குனிந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே இருந்தது?"

அவர் விரலைப் பார்த்தார். விரல் கட்டைமேல்தான் இருந்தது. சத்தம் அவர் நெஞ்சில்தான் இருந்தது.

"நான் நிறுத்தலையே."

"நிறுத்தலையா? இங்க ஒண்ணும் கேக்கலையே."

"அங்கயே நில்லு! நகராத!" அவர் போட்ட கூச்சலில் அவள் பயந்தே போனாள். "ஒரே ஒரு எட்டு, கதவுப் பக்கம் வை."

வைத்தாள். இன்னொரு எட்டும் வைத்தாள். "ஆமா, இப்ப கேக்குது."

"திரும்பி அங்கயே போ."

"இப்ப இல்ல. இதென்னங்க கூத்து?"

மச்சினனைக் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் நிறுத்தினார். இருபத்தைந்து வயசுக் காது. கொசு பறந்தாலும் கேட்கிற காது. அவனும் உதட்டைப் பிதுக்கினான். "மெஷின் ஆஃப் ஆயிடுச்சா மாமா?"

அறையின் நீளம் அப்படி. அந்த நீளத்தில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் இரண்டு சுவருக்கும் இடையே போய்வந்து மோதி, நட்ட நடுவில் தன்னைத்தானே தின்று தீர்த்துவிடுகிறது. அந்த நட்ட நடுவில் நாற்காலியைப் போட்டு ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தார் நம் ஆள். டீச்சர் சொல்லும்வரை அதைக் கவனித்ததும் இல்லை. பாட்டை நிறுத்தாமல் எழுந்து போகிற பழக்கமும் இல்லை. அந்த ஆறு மில்லிமீட்டரை மட்டும் மறக்காமல் வெட்டியிருந்தால் மேசை அதே இடத்துக்குள் போயிருக்கும். ஸ்வரம் வந்திருக்காது. மனுஷன் அன்றைக்கே மனசால் செவிடாகியிருப்பார்.

அவர் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சிரித்துக்கொண்டே அழுதார். மச்சினனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மாமா, நான் சும்மா விளையாட்டுக்குத்தான் சிரிச்சேன்" என்று கெஞ்சினான்.

"நீ இல்லடா. நீ இல்ல." அப்புறம் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "எனக்குக் காது போச்சுன்னு நெனச்சேன். நாலு மாசமா. நாளைக்கு டாக்டர்கிட்ட போறதா இருந்தேன்."

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். பிறகு கொட்டித் தீர்த்தாள். "நாலு மாசமா? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே சோத்தத் தின்னுக்கிட்டு? எங்கிட்ட சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க? தனியா கெடந்து செத்துட்டிருந்தீங்களா?" நாளைக்கு டாக்டரிடம் கட்டாயம் போகத்தான் வேண்டும், தானும் லீவு போட்டுவிட்டு வரப்போகிறேன், இனிமேல் அச்சகத்தில் அந்தக் காதடைப்பான் இல்லாமல் நின்றால் நடப்பதே வேறு என்று விரலை நீட்டிச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். திட்டுக் கேட்க அவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வாசல்படி வரை போய்விட்டாள். அங்கே நின்று, இந்தப் பக்கம் திரும்பாமலே, தனக்கே கேட்காத குரலில் முணுமுணுத்தாள்.

"பைத்தியம்."

"கேட்டுச்சு" என்றார் அவர், ஜன்னலோரத்திலிருந்து.