நாற்பத்து மூன்று சுற்று

டெக்சாஸில் எங்கள் ஊரான ஆலனில் மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது ஃப்ரீவேக்கு மேலே போகும் பாலம் ஒன்றுதான். அதில் சைக்கிள் விட்டால் பின்னால் வரும் பிக்கப் டிரக்குக்காரன் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவான். அதனால் தெற்கு ஸ்பெயினின் மலையடிவாரத்தில் ஐந்து நாள் சைக்கிளில் சுற்றுவதற்கு நானும் என் மனைவியும் பயிற்சி எடுத்த இடம், பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் என் ஆபீஸின் பார்க்கிங் கராஜ். ஞாயிறு காலையில் அங்கே ஈ காக்கை இருக்காது. ஐந்து தளம், வளைந்து வளைந்து ஏறும் சரிவு. தரையிலிருந்து மொட்டை மாடிக்கு ஐம்பது அடி. காவலாளி இரண்டு வாரம் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். மூன்றாவது வாரத்திலிருந்து கையசைத்தார்.

இத்தனைக்கும் காரணம் என் மனைவியின் இடது கணுக்கால். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஊரே ஐஸாக உறைந்து கிடந்த ஒரு நாளில், சோபாவை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் நான்தான் சொன்னேன், "மெயில் வந்துதான்னு பாத்துட்டு வாயேன்" என்று. செருப்பை மாட்டிக்கொண்டு தபால் பெட்டியை நோக்கிப் போனவள், வாசலில் கார் விடும் டிரைவ்வேயிலேயே விழுந்தாள். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும் வைத்தார்கள். அப்படி ஐஸ் விழுந்த நாளில் தபால் வண்டியே வராது என்பது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எலும்பு சேர்ந்துவிட்டது. பயம் போகவில்லை. முதலில் கொஞ்ச நாள் படிக்கட்டைக் கண்டாலே நின்றுவிடுவாள். கோயிலில் ஒரு தடவை நான் யாரோடோ க்ரீன் கார்டு பற்றி அரட்டை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் மேல்படியில் பத்து நிமிஷம் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். முன்பெல்லாம் கூடை நிறையத் துணியோடு மாடிப்படியில் ஓடி இறங்கியவள் அவள். அன்றிலிருந்து படி வருவதற்கு முன்பே நான் கையை நீட்டிவிடுவேன். அவள் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் எனக்குள்ளே குத்தும். அவள் ஒரே ஒரு முறை யார் கையையும் தேடாமல் படியிறங்குவதைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

அந்தக் காலுக்கு சைக்கிள் நல்லது என்று தெரபிஸ்ட் சொன்னார். வாங்கி வந்தேன். கொஞ்ச நாளில் அவளே ஒரு படத்தைக் காட்டி, "இங்க போலாமா?" என்று கேட்டாள். மலைச்சரிவு முழுக்க ஆலிவ் மரங்கள், நடுவே சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள், வளைந்து போகும் ஒரு ஒற்றைச் சாலை. கல்லூரி விடுதியிலிருந்து எங்கள் பெண் போனில், "டாட், ப்ளீஸ், ஜஸ்ட் கெட் ஈ-பைக்ஸ்" என்றாள். அவள் அம்மா பக்கத்திலிருந்தே பதில் சொன்னாள்: "மோட்டார் ஏறினதுக்கு நான் ஏறினேன்னு சொல்லிக்கவா?"

எக்ஸெல் ஷீட் இல்லாமல் எனக்குப் பால் வாங்கக்கூடப் போக வராது. சைக்கிள் கொடுத்து, பெட்டிகளை ஹோட்டலுக்கு ஹோட்டல் வேனில் கொண்டுபோய் வைக்கும் ஆட்கள் ஏப்ரலில் பாதை விவரம் அனுப்பினார்கள். கிலோமீட்டரையெல்லாம் கவனமாக மைலாக மாற்றினேன். ஏற்றம் என்ற பத்தியில் வெறும் எண்கள் இருந்தன. இரண்டாம் நாள்தான் அதிகம், 650. கராஜ் ஐம்பது அடி. வகுத்தேன்.

"பதிமூணு ரவுண்டு ஏறினா போதும். அதுக்கு மேல ஏத்தமே கிடையாது" என்றேன்.

அவள் ஷீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

பதிமூன்று சுற்று முடிந்ததும் நான் காரில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்துவிடுவேன். அவள் நிறுத்த மாட்டாள். "இன்னும் ரெண்டு" என்று போவாள். இரண்டு என்பது ஐந்தாகும், பத்தாகும். எனக்குக் கோபம் வந்தது. நான் போட்ட கணக்கை நம்பாவிட்டால் எனக்கு எப்போதுமே கோபம் வரும்.

"பயத்துல பண்றே. அதான் கால்குலேட் பண்ணிச் சொல்றேன்ல?"

"பயம்தான். நீங்க காபியக் குடிங்க."

கடைசி ஞாயிறு நாற்பத்து மூன்று சுற்று ஏறினாள். அதென்ன அரைகுறையாக, ஐம்பதாக முடிக்கலாமே என்று கிண்டல் செய்தேன். "போதும்" என்று ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

ஸ்பெயினில் முதல் நாள் கடலோரமாகவே போனோம். சமதளம். கராஜில் நான் கொடுத்த பயிற்சியைப் பற்றி நானே பேசிக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாள் காலை சாலை கடலை விட்டுத் திரும்பியது. முதலில் எலுமிச்சைத் தோப்புகள், பிறகு கல் அடுக்கிய வரப்புகளில் பாதாம் மரங்கள், அதற்கு மேலே ஆலிவ். சாலையோரச் செடியைக் கால் உரசினால் ரோஸ்மேரி வாசம் வந்தது. எங்கிருந்தோ ஆட்டு மணிச் சத்தம். மணிக்கு ஒரு கார் வந்தால் அதிகம், அதுவும் பொறுமையாகப் பின்னாலேயே வந்து, இடம் கிடைத்ததும் விலகிப் போனது. இருபத்திரண்டு வருஷம் டெக்சாஸில் இருந்துவிட்டு இப்படி ஒரு சாலையைப் பார்த்தால் அழுகை வரும். எனக்கு வந்தது.

என் கணக்குப்படி பதினொன்றரைக்கு உச்சி வந்திருக்க வேண்டும். வளைவு வந்தது. அதைத் தாண்டினால் இன்னொரு வளைவு. ஒரு மரத்தடியில் பிரெட்டில் கொத்தமல்லித் தொக்கு தடவிச் சாப்பிட்டோம், மறுபடி ஏறினோம். எனக்கு நாக்கு தள்ளியது. அவள் எப்போது என்னைத் தாண்டிப் போனாள் என்றுகூடத் தெரியவில்லை. இறங்கி போனை எடுத்து உயரத்தைப் பார்த்தேன். 240 மீட்டர் என்றது.

மீட்டர்.

இந்தத் தப்பை ஸ்பெயின்காரன் செய்ய மாட்டான். அமெரிக்காவில் பிறந்தவனும் செய்ய மாட்டான், அவன் சந்தேகப்பட்டுத் தேடிப் பார்த்திருப்பான். பள்ளிக்கூடத்தில் மீட்டரில் படித்து, டெக்சாஸுக்கு வந்து அடிக்கு மாறி, இரண்டும் அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிற என்னைப் போன்ற ஆள்தான் செய்வான். என் மூச்சு கிடக்கட்டும், ஆறு ஸ்க்ரூ போட்ட காலை நானே மறுபடியும் வெளியே அனுப்பிவிட்டேன்.

"நில்லு. வேனைக் கூப்பிடறேன்" என்று கத்தினேன்.

அடுத்த வளைவில் நின்றிருந்தாள். தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்து விஷயத்தை ஒப்புக்கொண்டேன். "தப்பாயிடுச்சும்மா. அது அடி இல்ல, மீட்டர். இன்னும் பாதிக்கு மேல இருக்கு."

"நிழல்ல அஞ்சு நிமிஷம் உக்காருங்க. வேன்லாம் வேணாம்."

"உன் கால்..."

"என் காலுக்கு என்ன? உங்க மூஞ்சியப் போய் கண்ணாடில பாருங்க."

பிறகு நான் பாதி ஓட்டினேன், பாதி தள்ளினேன். அவள் ஓட்டிக்கொண்டே போனாள். வேகமில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. வளைவுகளில் மட்டும் எனக்காக ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தாள். ஊன்றியது இடது கால் என்பதை நான் கவனித்தேன். ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. எல்லாக் கடையும் மூடி ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. சர்ச்சுக்கு முன்னால் கல்தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தலையை அதற்கடியில் கொடுத்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டேன், "மீட்டர்னு சொன்னப்போ உனக்கு ஷாக்கே இல்லையே?"

"ஏப்ரல்லயே தெரியும்."

அவள் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். நாள் முழுக்க மில்லிகிராமும் கிலோவும்தான். "ஸ்பெயின்காரன் எதுக்குங்க அடியில எழுதப் போறான்?" என்றாள்.

"தெரிஞ்சும் சொல்லலையா நீ?"

"சொன்னா ட்ரிப்பையே கேன்சல் பண்ணியிருப்பீங்க."

பண்ணியிருப்பேன். ஆனாலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மெதுவாகச் சொன்னாள். "முதல் ஆறு மாசம் நெஜமாவே பயந்தேன். அப்புறம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா படின்னு வந்தாலே நீங்க முன்னாடி போய் கையை நீட்டிட்டு நிப்பீங்க, அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு. அதப் பாத்தா எனக்குத் திரும்பவும் பயம் வந்துடும். பிடிக்காம விட்டா நீங்க வருத்தப்படுவீங்க. அதான் பிடிச்சுப்பேன்."

என்ன செய்வது என்று தெரியாதபோது நான் கணக்குப் போடுவேன். போனை எடுத்தேன். 650 மீட்டரை அடியாக்கி ஐம்பதால் வகுத்தேன். கிட்டத்தட்ட நாற்பத்து மூன்று வந்தது. நான் காரில் காபி குடித்துக்கொண்டிருந்த அந்த ஞாயிறு, அவள் இந்த மலையை ஒரு முறை ஏறி முடித்திருக்கிறாள்.

கோபம் போன இடம் தெரியவில்லை. அவளை அவ்வளவு பிடித்தது எனக்கு, அந்த நிமிஷம்.

ஹோட்டல் கீழ்த் தெருவில் இருந்தது. சைக்கிள்களைச் சர்ச் வாசலில் பூட்டினோம். கீழே போவதற்குப் பழைய கல்படிகள், தேய்ந்து வழவழவென்று. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. என் வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து இறக்கிக்கொண்டேன்.

அவள் இடது காலை முதலில் வைத்தாள். இறங்கினாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் இரண்டு வருஷம் கேட்டது இதைத்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. கடைசிப் படி இறங்கிய பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் இன்னும் மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"மெதுவா வாங்க" என்றாள். "வழுக்குது."