வாயில்லாத பெட்டி

அன்றைக்கு இறால் பண்ணையில் இருந்தவர்கள்: நான். பெட்டியைச் சரி பண்ண வந்த தம்பி. ஒரு நாய். வேறு யாரும் இல்லை.

போன வருஷம் ஆடி மாசம். மண்டபத்தூர் பக்கம், கடலோரம். அங்கே நான் காவல். படிப்பு அஞ்சாம் வகுப்பு. சின்ன வயசிலேயே வலது கால் சூம்பிவிட்டது, கம்பு ஊன்றித்தான் நடப்பேன். நடக்க வேண்டாத வேலை என்று மொதலாளி இதைக் கொடுத்தார். அவருக்கு துபாயில் கடை.

பண்ணையில் போன் எடுக்காது. பாண்டிச்சேரி டவரும் எட்டாது, தமிழ்நாட்டு டவரும் எட்டாது. பேசணும் என்றால் கரை மேலேயே நடந்து ரோட்டுக்குப் போகணும். நல்ல காலுள்ளவனுக்கு அரை மணி நேரம். எனக்கு ஒரு மணிக்கு மேலே.

அதனால்தான் அந்தப் பெட்டி. உள்ளே ஒரு சிம். வெளியே உயரமாக ஒரு இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஏரியல். குளத்துத் தண்ணீரை அடித்து இறாலுக்குக் காற்று கொடுக்கிற சக்கரங்கள் கரண்ட் போனால் நின்றுவிடும். கரண்ட் வந்தாலும் தானாக ஓடாது. கரண்ட் திரும்பி வந்ததும் பெட்டி துபாய்க்குப் போன் அடிக்கும். மொதலாளி எடுக்க மாட்டார், கட் பண்ணுவார். எங்கள் பக்கம் கட் பண்ணினால் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். பஸ் ஏறியதும் வீட்டுக்கு ஒரு ரிங் விடுவோம், அவர்கள் கட் பண்ணுவார்கள், விஷயம் முடிந்தது. அதே பழக்கம்தான் அவருக்கும். கட் பண்ணிவிட்டு அவர் பெட்டிக்கு ஒரு ரிங் விடுவார். சக்கரம் ஓடும். நான் தூங்கினாலும் அது ஓடணும் என்பது அவர் கணக்கு.

ஆடிக் காற்றில் ஏரியல் சாய்ந்து பெட்டி நின்றுபோனது. அதைப் பார்க்கத்தான் அந்தத் தம்பி வந்தார். முப்பது வயசு இருக்கும். திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் வீடு. பைக்கை ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தார்.

கொட்டகைக்குள் தீவன மூட்டை மேல் லேப்டாப்பை வைத்து, ஒரு ஒயரால் பெட்டியோடு சேர்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கிறவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற குணம் அவருக்கு. ஏ, டி என்று ஆரம்பித்தால்தான் இது காது கொடுக்கும் என்றார். அப்புறம் இன்னொரு டி போட்டு நம்பர் போட்டால் அந்த நம்பரைக் கூப்பிடும். ஹெச் போட்டால் வைத்துவிடும். "நம்ம வீட்டு ஆளுங்களவிட சொன்ன பேச்சு கேக்கும்ணே" என்றார்.

பேசுமா என்று கேட்டேன். பேசாது என்றார். மைக் வைக்கவா என்று அவர் கேட்டதற்கு, மோட்டார் போட பேச்சு எதுக்கு என்று மொதலாளி சொல்லிவிட்டாராம்.

பதினோரு மணி வாக்கில் குழாயில் ஏறினார். கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னேன். இந்த உடம்புக்குக் கயிறு வேறயா என்று சிரித்தார். நான் அடியில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏரியலை நிமிர்த்தி முறுக்கிவிட்டார். இறங்கப் பார்க்கும்போது, அவர் கால் வைத்திருந்த இடத்தில் கிளாம்ப் விட்டது.

சிமெண்டு மேடையில் முதுகு பட விழுந்தார். சத்தம் பெரிசாக இல்லை. மூட்டை விழுந்த மாதிரிதான்.

தூக்கப் போனேன். தூக்க வேண்டாம் என்றார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றார். முகம் வெளுத்துப்போனது. சட்டைப் பையில் இருந்த போன் நசுங்கிக் கிடந்தது. பக்கத்துக் குளங்கள் எல்லாம் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்தன. கத்தினாலும் கேட்க ஆள் இல்லை.

நான் ரோட்டுக்குப் போகிறேன் என்று கம்பை எடுத்தேன். என் காலைப் பார்த்தார்.

"நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள நான் இருக்க மாட்டேன். உள்ள போங்கண்ணே. பொட்டி இருக்கு."

வெயில் படாமல் அவர் மேலே தார்ப்பாயைக் கட்டிவிட்டு உள்ளே போனேன். அவர் வெளியே படுத்தபடி சொல்ல, நான் ஒற்றை விரலால் அடித்தேன். முதல் டி மேல் வரிசை, அடுத்த டி நடு வரிசை என்றார். அப்புறம் நூற்றியெட்டு. கடைசியில் புள்ளியும் அதன் கீழே வால் வைத்த புள்ளியும். பெட்டியில் விளக்கு எரிந்தது. நான் பெட்டிக்கு மேலே குனிந்து, ஆள் விழுந்துட்டாரு, இறால் பண்ணைக்கு வாங்க என்று கத்தினேன். வெளியிலிருந்து அவர் சொன்னார்.

"கத்தாதீங்கண்ணே. அதுக்கு வாய் இல்ல."

கொஞ்ச நேரத்தில் திரையில் ஏதோ எழுத்து வந்தது. ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். எடுத்துப் பார்த்துவிட்டு, பேச்சு இல்லை என்று வைத்துவிட்டார்கள் என்றார்.

மெசேஜ் அனுப்பப் பார்த்தோம். அதற்கு நீளமாக என்னென்னவோ அடிக்கணும். எனக்கு வரவில்லை. அவருக்கும் மூச்சு வாங்கியது. விட்டுவிட்டோம்.

வேறு யாரைக் கூப்பிட்டாலும் யாரோ என்று வைத்துவிடுவார்கள். இந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் மொதலாளி ஒருவர்தான். என் போனைப் பார்த்து அவர் நம்பரை அடித்தேன். விளக்கு எரிந்தது. திரையில் பி, யு, எஸ், ஒய்.

"கட் பண்ணிட்டாரு" என்றார் தம்பி.

அடுத்த நிமிஷம் குளத்தில் சக்கரங்கள் ஓட ஆரம்பித்தன. தண்ணீர் அடிக்கிற சத்தம். அவர் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். வாய் லேசாகக் கோணியது. சிரிப்புதான்.

"மொதலாளி எறாலக் காப்பாத்திட்டாருண்ணே."

மறுபடி அடித்தேன். மறுபடி அதே நாலு எழுத்து. திரும்பத் திரும்ப நம்பர் போட வேண்டாம் என்றார். ஏ போட்டு ஒரு சாய்வுக் கோடு போட்டால் போதும், கடைசியாகச் சொன்னதையே அது திரும்பச் செய்யும். அதுதான் அவர் எனக்குக் கடைசியாகச் சொல்லிக் கொடுத்தது.

ஏ, சாய்வுக் கோடு. எழுத்து வரும். வெளியே வந்து அவரைப் பார்ப்பேன். உள்ளே போய் மறுபடி. தண்ணீர் கேட்டார். கொடுக்கலாமா கூடாதா தெரியவில்லை, துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். நாய் அவர் கையருகே படுத்துக்கொண்டது. விரட்டவில்லை. ஒரு தடவை மணி என்ன என்று கேட்டார். நாலு மணிக்குப் பாப்பாவை ஸ்கூலில் போய்க் கூட்டிக்கொள்ளணும் என்றார். மணி ஒண்ணரைக்கு மேல் ஆகியிருந்தது. பன்னிரண்டுதான் தம்பி, நேரம் இருக்கு என்றேன். சரி என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. மூச்சு மட்டும் இருந்தது.

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். எண்ணவில்லை.

ரெண்டு மணிக்கு மேல் கரையில் ஒரு ஆள் தெரிந்தார். மொதலாளியின் தங்கை மாப்பிள்ளை, காரைக்காலில் இருப்பவர். தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னய்யா, பொட்டிய வெச்சு வெளையாடுறீங்களா ரெண்டு பேரும்?"

கிட்டே வந்து தார்ப்பாய்க்குக் கீழே பார்த்தார். ரோட்டுக்கு ஓடி, ஒரு வேனை அங்கே நிறுத்திவிட்டு நாலு ஆளைக் கூட்டிவந்தார். கொட்டகைக் கதவைக் கழற்றி அதில் படுக்க வைத்துத் தூக்கிப் போனார்கள். நான் பின்னால் நடந்தேன். வேனில் ஏற்றும்போது உயிர் இருந்ததாம். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது இல்லை.

புரட்டாசியில் மொதலாளி ஊருக்கு வந்தார். முதலில் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனார். அப்புறம் பண்ணைக்கு வந்து அந்த மேடைக்குப் பக்கத்தில் நின்றார்.

"அவன் வந்து சோதனை பண்றான்னு நெனச்சேன். தொந்தரவு தாங்காமத்தான் மச்சானப் போய்ப் பாக்கச் சொன்னேன்."

நானாக இருந்தாலும் கட் பண்ணியிருப்பேன்.

இப்போது பெட்டிக்கு மைக் உண்டு, ஸ்பீக்கர் உண்டு. மொதலாளி யார் போனையும் கட் பண்ணுவதில்லை. கரண்ட் வந்து பெட்டி அடித்தால் எடுத்து, நல்லா இருக்கியா என்று கேட்கிறார். எனக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ரோட்டுக்குப் போகும்போது யாராவது போன் பண்ணி, எதிரில் சத்தமே இல்லை என்றால் நான் வைப்பதில்லை. சொல்லுங்க, கேக்குறேன் என்கிறேன். பேச முடியாத இடத்திலிருந்தும் ஒருவன் கூப்பிடுவான் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குப் பெட்டியிலிருந்து வந்த ரிங்குகளை மொதலாளி தன் போனில் அழிக்காமல் வைத்திருக்கிறார். மேடையருகே நின்று எனக்கு எண்ணிக் காட்டினார்.

பதினேழு.