மரண அறிவித்தலுக்குப் பிறகு வரும் அரைமணி நேரம்

நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில், ஒடாஹுஹுவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிற சமூக வானொலி நிலையத்தில், சனிக்கிழமை காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை தமிழ் ஒலிபரப்பு. பக்திப்பாட்டு, செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, சினிமாப்பாட்டு, பிறகு மரண அறிவித்தல். மரண அறிவித்தல் முடிந்தவுடன் ஓக்லாந்துத் தமிழர் பெரும்பாலும் வானொலியை நிறுத்திவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில்தான் வசீகரனின் அரைமணி நேரம் தொடங்கும்.

அந்த அரைமணியைத் தங்களுக்குத் தரும்படி வேறு ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் ஆறு வருடத்துக்கு முன்னர் அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் அதில் போட்டது பிரிட்டிஷ் ஹிப்-ஹொப். அதிலும் பெயர் எடுத்தவர்களுடையது அல்ல. இருநூறு இசைத்தட்டு அடித்து, அதில் நூற்றைம்பதைச் சொந்தக்காரருக்குச் சும்மா கொடுத்தவர்களுடையது.

வாரநாட்களில் வசீகரன் எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வெள்ளம் வந்த வீடுகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். வயது நாற்பத்தேழு. தலைமயிர் பின்வாங்கிவிட்டது, பிடிவாதம் பின்வாங்கவில்லை. நியூசிலாந்துக்கு வரமுதல் லண்டனில், குரோய்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் எட்டு வருடம் நின்றவன். அங்கேதான் ஒருநாள் ஒரு பையன் பெட்ரோலுக்குக் காசு கொடுத்துவிட்டு, தன் காரின் டிக்கியிலிருந்து ஒரு சிடியையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். வசீகரனுக்கு அப்போது ஆங்கிலம் பாதிதான் விளங்கும். ஆனாலும் ஒன்று விளங்கியது. அந்தப் பையன் அமெரிக்கனைப் போல வாயை வைத்துக்கொள்ளவில்லை. கடையில் பால் கேட்கிற அதே குரலில், வராத பஸ்ஸையும் வாடகையையும் அம்மாவின் முழங்கால் வலியையும் பற்றிப் பாடினான். வானொலிக்காரன் முன்னால் இருக்கிறான் என்று ஊர்ப்பேச்சை மறைத்துச் செந்தமிழில் கதைக்கிறவர்களையே கேட்டு வளர்ந்த வசீகரனுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. இப்படியும் ஒரு மனிதன் தன் சொந்த வாயால் ஒலிவாங்கிக்கு முன்னால் கதைக்கலாமா?

அன்று பிடித்தது அவனை விடவில்லை. சரக்கு அங்கேதான் இருக்கிறது, அமெரிக்கனுக்குப் பெரிய கார், இங்கிலாந்துக்காரனுக்குப் பெரிய மனசு என்று கலியாண வீடுகளில் ஆட்களை மறித்து வைத்துச் சொல்லுவான். அவன் மனைவி நிலானி அந்த நேரம் பார்த்து ஐஸ்கிரீம் எடுக்கப் போய்விடுவாள். மகள் பிரணவி, "அப்பா, நோபடி லிஸன்ஸ்" என்பாள். அதைக் கேட்டால் அவனுக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும். ஆயிரம் பேர் கேட்கிற பாட்டில் எங்கேயோ ஒரு கலப்படம் இருக்கிறது என்பது அவனுடைய சித்தாந்தம். நொட்டிங்காமிலிருந்து 'டேம்ப் வோல்ஸ்' என்று ஒருவன், ஈரச் சுவர் என்று பெயரே வைத்துக்கொண்டவன், வசீகரனின் செல்லப்பிள்ளையாக நாலு வருடம் இருந்தான். பிறகு அவனுடைய ஒரு பாட்டு விளம்பரத்தில் வந்து, விருதுக்குப் பெயர் போய், பிரணவியின் சிநேகிதிகள்கூட முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வசீகரன் பாட்டுக்களைக் குறித்து வைக்கிற தன் கொப்பியில் அந்தப் பெயரைக் குறுக்கே வெட்டிவிட்டான். பாவம், நொட்டிங்காம்காரனுக்கு அது தெரியவே தெரியாது.

ஒருவரும் கேட்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஒருவர் கேட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொன்று இருபத்தொன்பதுக்கு நிலையத்துத் தொலைபேசி ஒருமுறை அடிக்கும். பின்னால் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். ஒரு ஆண்குரல், "தம்பி, இண்டைக்கு நல்லம்" என்று சொல்லும். அல்லது, "தம்பி, இண்டைக்குக் காணாது" என்று, அதாவது போதாது என்று, சொல்லும். உடனே வைத்துவிடும். பெயர் கேட்க நேரமே தராது. ஆறு வருடத்தில் ஒரேயொருமுறைதான் அந்தக் குரல் இரண்டு வசனம் சேர்த்துக் கதைத்தது. "அந்த ஈரச்சுவர்ப் பெடியன் பெரிய ஆளாகிட்டான் எண்டு விட்டுட்டியளோ? பாட்டு என்ன பிழை செய்தது?"

அதைக் கேட்டு வசீகரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். ஆனால் அந்தத் தொலைபேசிக்காகத்தான் அவன் வாரம் முழுவதும் பாட்டுத் தேடினான். 'காணாது' வந்த கிழமை சோறு இறங்காது. 'நல்லம்' வந்தால் பிரணவிக்குக் கேட்காமலே பிட்சா வரும். மக்கள் கூட்டம் வேண்டாம் என்று முழங்குகிறவன் ஒரு மனிதனின் ஒரு சொல்லுக்காக இப்படிக் கிடந்தான் என்பதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள், அவனைத் தவிர.

இந்த வருடம் ஓகஸ்ட் மாதம் அந்தத் தொலைபேசி இரண்டு சனிக்கிழமை அடிக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமைதான் அந்தப் பிழை நடந்தது.

வழக்கமாக மரண அறிவித்தல் வாசிக்கிற யோகராணி அக்காவுக்குக் காய்ச்சல். அடுத்த நிகழ்ச்சிக்கு எப்படியும் வந்து நிற்கிறவன் என்று தாளை வசீகரனின் கையில் கொடுத்தார்கள். பின்னால் போடுவதற்கென்று ஒரு சோக வீணை சிடி உண்டு. இருபது வருடமாக ஓக்லாந்தில் எந்தத் தமிழர் போனாலும் அதே வீணைதான். வசீகரன் வாசிக்கத் தொடங்கினான்.

"ஊரெழுவைப் பிறப்பிடமாகவும், புக்கெகோஹியை வதிவிடமாகவும் கொண்ட இராசையா குணசீலன் அவர்கள் கடந்த புதன்கிழமை இறைவனடி சேர்ந்தார். அன்னார் புஷ்பவதியின் பாசமிகு கணவரும்..."

அந்த இடத்தில் வீணை சிக்கியது. ஒரே தந்தி, டிங், டிங், டிங் என்று. வசீகரன் பதறிப்போய் அதை இறக்கிவிட்டு, பக்கத்தில் தன் நிகழ்ச்சிக்காகத் தயாராக வைத்திருந்ததை ஏற்றினான். சொல் இல்லாத வெறும் இசைதான், மெதுவான பியானோவும் அடியில் ஒரு மத்தளம் போன்ற தாளமும். சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தான். ஆனால் இருபத்தைந்து வருடம் அந்தத் தாளத்தில் ஊறிய மனிதன், நாக்கு அவன் சொல் கேட்கவில்லை. டொரொண்டோவில் மைத்துனர், பாரிஸில் மைத்துனி, ஒஸ்லோவில் சகலன், மெல்பேர்னில் பெறாமக்கள் என்று உறவுமுறைப் பட்டியல் முழுவதும் தாளத்தில் போய் விழுந்தது. "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும்" என்கிற இடத்தில் அவன் தலைகூட ஆடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் அதைக் கண்டார்கள்.

அன்று பதினொன்று இருபத்தொன்பதுக்கும் தொலைபேசி அடிக்கவில்லை. இருந்த ஒருவரும் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று வசீகரன் நினைத்தான்.

படியால் இறங்கும்போதே வானொலிச் சங்கத் தலைவர் சோதிலிங்கம் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். கோபத்தையும் அளந்துதான் படுவார், அன்று அளக்கவில்லை.

"நீர் செத்த மனிசனை வைச்சு ராப் பாடினீரோ?"

"ஐயா, வீணை சிக்கிட்டுது."

"வீணை சிக்கினா சும்மா வாசியும்! உமக்கு மூளை சிக்கிட்டுதோ? உந்த அரைமணியை எத்தினை பேர் கேக்கினம்? உண்மையைச் சொல்லும்."

வசீகரன் பொய் சொல்லத் தெரியாதவன். "ஒருத்தர், ஐயா. இப்ப அவரும் இல்லை."

சோதிலிங்கம் ஒரு பெருமூச்சு விட்டார். "வாற சனிக்கிழமையிலிருந்து அதிலையும் சினிமாப்பாட்டுத்தான். நாளைக்கு என்னோடை புக்கெகோஹிக்கு வாரும். அந்த வீட்டிலை மன்னிப்புக் கேளும். அந்த அம்மா மனமிரங்கி விடச் சொன்னா மட்டும் உம்மடை அரைமணி உமக்கு. இல்லாட்டி முடிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே காரில் போனார்கள். வெங்காய வயல்கள் தொடங்கிய பிறகு சோதிலிங்கம், "மன்னிப்பை வேகமாக் கேக்காதையும், நிறுத்தி நிதானமாக் கேளும்" என்றார். வசீகரன், அந்த அரைமணி போனால் தன்னிடம் வெள்ளம் வந்த வீடுகளின் படங்கள் மட்டும்தான் மிஞ்சும் என்று நினைத்தான். அதைவிட, ஒரு பெண்ணின் துக்கத்தில் தாளம் போட்டுவிட்டேனே என்பது அவனை அரித்தது.

வீட்டுக் கூடத்தில் குணசீலனின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கு வைத்திருந்தது. புஷ்பவதிக்கு அறுபது வயதிருக்கும். வெங்காயம் பொதி செய்கிற கொட்டகையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவள். கணவர் அதே கொட்டகையில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினவர் என்று யாரோ சொன்னார்கள். தேநீர் வந்தது. வசீகரன் அதைத் தொடாமல் எழுந்து நின்றான்.

"அக்கா, நேற்று ரேடியோவிலை அறிவித்தல் வாசிச்சது நான்தான். அந்தப் பாட்டுப் போட்டது பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

புஷ்பவதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். சோதிலிங்கம் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"நீங்களோ அந்தத் தம்பி?" என்றாள். "நான் சின்னப் பெடியன் எண்டெல்லோ நினைச்சன்."

வசீகரன் தலைமயிர் பின்வாங்கிய நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"உங்கடை அரைமணி முடியாமல் இவர் சனிக்கிழமை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கமாட்டார், தம்பி. போர்க்லிப்டிலை சின்ன ரேடியோ ஒண்டு கட்டி வைச்சிருந்தவர். இங்கிலீஷ் பெரிசா விளங்காது. ஆனா உவங்கள் ஒருத்தனும் நடிக்கேல்லை, தங்கடை வாயாலை கதைக்கிறாங்கள் எண்டு சொல்லுவார். முடியிற நேரம் போன் எடுத்து, நல்லம் எண்டோ காணாது எண்டோ சொல்லிப்போட்டு வைச்சிடுவார். அந்த ஈரச்சுவர்ப் பெடியனை நீங்கள் விட்டதுதான் அவருக்குப் பொறுக்கேல்லை."

வசீகரன் மெதுவாகக் கதிரையில் இருந்தான்.

"ஏன் உந்த வேலை, அந்தப் பிள்ளை மனம் நோகாதோ எண்டு நான் பேசுவன். அதுக்கு இவர், ஒருத்தரும் எடுக்காட்டி அவன் விட்டுட்டுப் போயிடுவான், காணாது எண்டு சொன்னாத்தான் வாற கிழமை இன்னும் தேடிப் போடுவான் எண்டுவார். ஆஸ்பத்திரியிலை இருந்த ரெண்டு சனிக்கிழமையும் போனைத் தா எண்டு கேட்டவர். நான்தான் குடுக்கேல்லை."

தன்னுடைய ஒரே நேயரின் மரண அறிவித்தலைத் தானே வாசித்திருக்கிறோம், அதுவும் யார் என்று தெரியாமல், ஒரு தாளில் இருந்த பெயராக வாசித்திருக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தில் குணசீலன் நீலச் சட்டையும் பெரிய மீசையுமாக இருந்தார். ஆறு வருடம் கேட்ட குரலுக்கு அப்படி ஒரு மீசை இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. அந்த இடத்திலேயே, சோதிலிங்கத்துக்கு முன்னால், குழந்தை போல அழுதான்.

"நேற்று அந்தப் பாட்டுக் கேட்டவுடனை, ஆரோ வேணுமெண்டு அவருக்காகத்தான் போட்டவை எண்டு நினைச்சன்," என்றாள் புஷ்பவதி. "முப்பத்தோராம் நாள் அறிவித்தலுக்கும் அதையே போடுவியளோ, தம்பி? அந்த வீணை வேண்டாம். அவருக்கு அது பிடிக்காது."

வசீகரன் சோதிலிங்கத்தைப் பார்த்தான். அவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தபடி, "ஓம், போடலாம். அந்த அரைமணியும் இவருக்கே இருக்கட்டும்," என்றார். திரும்பி வரும்போது காரில் மறுபடியும் அவர்தான் முதலில் கதைத்தார். "அந்த ஈரச்சுவர் எண்டவன் ஆர்?" என்று கேட்டார். ஒடாஹுஹு வரும்வரை வசீகரன் சொல்லிக்கொண்டே வந்தான். கேட்டது தவறு என்று அவருக்குப் பாதிவழியில் விளங்கியிருக்கும், ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு முந்தின சனிக்கிழமை யோகராணி அக்கா காய்ச்சல் மாறி வந்திருந்தும் தாளை வசீகரனிடமே கொடுத்துவிட்டாள். அவன் அதே பியானோவோடு வாசித்தான். இந்தமுறை நாக்கைக் கட்டுப்படுத்த முயலவில்லை. அதன் பிறகு தன் அரைமணியில், கொப்பியில் குறுக்கே வெட்டிய பெயருக்குத் திரும்பிப் போய், ஊர் உலகம் எல்லாம் கேட்டு முடித்த அந்த விளம்பரப் பாட்டையே முதலில் போட்டான். நல்ல பாட்டுத்தான். பிழை ஒன்றும் செய்யவில்லை.

பதினொன்று இருபத்தொன்பது ஆனது. அடிக்காது என்று தெரிந்தும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே அடுத்த நிகழ்ச்சிக்காரரான டொங்காத் தீவுக்காரர்கள் கதவருகே வந்து நின்றுவிட்டார்கள்.

தொலைபேசி அடித்தது. பின்னால் வெங்காயக் கொட்டகையின் அதே இயந்திர இரைச்சல்.

"தம்பி," என்றது ஒரு பெண்குரல். கொஞ்சம் தடுமாறியது, பிறகு திடமாக வந்தது. "இண்டைக்குக் காணாது."

வைத்துவிட்டாள். வசீகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொப்பியைத் திறந்து, அடுத்த சனிக்கிழமைக்குப் பாட்டுத் தேடத் தொடங்கினான்.