உத்திரமேரூர் ஏரியில் இறங்கிய விமானம்

நேற்றுக் காலை எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடிக்க மறுத்தது. மூடியின் ஓரத்தில் எங்கோ 'ஸ்ஸ்' என்று ஆவி போய்க்கொண்டிருந்தது. மருமகள் வெயிட்டைத் தட்டிப் பார்த்தாள், அடுப்பைக் கூட்டினாள். நான் போய்க் காதைக் கொடுத்தேன். "மாமா, மூஞ்சி வெந்துடப் போவுது!" என்று அவள் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். என்ன செய்ய? காற்றுக் கசியும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் இருப்புக் கொள்வதில்லை. எங்கே கசிகிறது என்று தெரிந்தால்தான் காப்பி தொண்டையில் இறங்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பட்டணத்தில், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு கிளப்பில் மெக்கானிக். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், நாலு சிலிண்டர் இன்ஜின், துணி போர்த்திய இறக்கை. உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மட்டும் நான் விமானமே ஓட்டுகிறேன் என்று ஒரு பேச்சு உலவியது. அதை நான் கிளப்பிவிடவில்லை. மறுத்ததும் இல்லை.

புரட்டாசி கடைசி. மழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளும் போலிருந்த ஒரு காலையில் கிளப்புக்கு போன் வந்தது. வசந்தா என்ற பெண், தனியாக ஓட்டிப் பழகப் போனவள், தாமல் ஏரியைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பி வரும்போது இன்ஜின் திணறி, வற்றிக் கிடந்த உத்திரமேரூர் ஏரிக்குள் இறக்கிவிட்டாளாம். விமானத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அவளுக்குப் பயிற்சி கொடுத்த கேப்டனும் நானும் ஜீப்பில் கிளம்பினோம். வழிநெடுக அவர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். "பயந்துட்டாப்பா. இன்ஜின் நல்லாத்தான் இருந்திருக்கும்." பயந்து இறக்கினாள் என்றால் அதோடு அவள் பறப்பது முடிந்தது. இன்ஜின்தான் கெட்டது என்றால், அதைப் பராமரித்தவன் நான். செங்கல்பட்டு தாண்டும்வரை இந்தக் கணக்கு எனக்கு உறைக்கவில்லை. உறைத்த பிறகு ஜீப்பில் நேராக உட்கார முடியவில்லை.

ஏரிக்குள் திருவிழாக் கூட்டம். நடுவில் விமானம், அதன் நிழலில் வசந்தா. உட்காருவாள், எழுவாள், மேகத்தைப் பார்ப்பாள். என்னை முதலில் கண்டுகொண்டது எங்கள் ஊர் அஞ்சலை. ஏரிக்குள் புல்லறுக்க வந்தவள்.

"யாரு, ஏயுமல மவனா? நீ ஏரோப்ளான் ஓட்டுறன்னாங்க. இன்னா நைனா, கீய குந்திக்கினு திருகிக்கினு கீற?"

கூட்டம் சிரித்தது. நான் ஸ்பானரோடு குனிந்துகொண்டேன்.

இன்ஜினின் உயிர் அமுக்கத்தில் இருக்கிறது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கசியாமல் இறுகினால்தான் பலம். ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒரு துளையில் அமுக்கம் காட்டும் கேஜை முறுக்கி, ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் முள் ஏறும். ஏறாத சிலிண்டர் நோயாளி. வசந்தா சுற்றினாள், நான் முள்ளைப் பார்த்தேன். நாலும் நன்றாக ஏறின. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவள் முகம் வெளுத்தது.

"முடிஞ்சுது. இன்ஜின்ல ஒண்ணுமில்ல" என்றார் கேப்டன்.

"இது ஆறிப்போன இன்ஜின் சார். மேல அது சூடா இருந்துச்சு. சூட்டுல பாருங்க" என்றாள் அவள்.

"மழ வருதும்மா. அதுக்குள்ள நான் இத எடுத்துக்கிட்டுப் போகணும்."

அஞ்சலை நடுவில் புகுந்தாள். "வரசொல்லவே இருமிக்கினுதான் வந்துச்சி சாமி. எங்க வூட்டுக்காரு மாரியே. ஒரு இருமு, ஒரு மூச்சு."

கேப்டனும் வசந்தாவும் என்னைப் பார்த்தார்கள். கேப்டன் என்னைத் தனியே அழைத்து, தோளில் கை வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "யோசிச்சுக்கோ. கோளாறுன்னு வந்தா மொதல்ல உன்னத்தான் கேப்பாங்க."

யோசித்தேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். ஆனால் அடுத்த அரை மணியில் இதில் ஏறி மேலே போகப் போகிறவர் இவர். "சூடாக்கிப் பாத்துடலாம் சார். போறது நீங்கதான்" என்றேன். அவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். விமானத்தை நோக்கி நடந்தார்.

பிளக்குகளை மாட்டி, வாலை ஊர் ஆட்கள் பிடித்துக்கொள்ள, இன்ஜினை ஓடவிட்டோம். புழுதி கிளம்பியது. அஞ்சலையின் புல்லுக்கட்டு பிரிந்து பறந்தது. "அய்யோ, என் புல்லு!" என்று அவள் ஓடினாள். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் அதுவும் இரும ஆரம்பித்தது.

அணைத்தோம். விரல் கொப்பளிக்கக் கொப்பளிக்கப் பிளக்குகளைக் கழற்றினேன். முதல் சிலிண்டர் ஏறியது, இரண்டாவது ஏறியது. மூன்றாவதில் முள் பாதியில் நின்றது. "மெதுவா இழுங்க" என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டு, புகைக்குழாய் வாய்க்கு எட்டினமட்டும் காதைக் கொண்டுபோனேன். உள்ளே 'ஸ்ஸ்'. புகை போகும் வழியை அடைக்கும் வால்வின் தண்டு சூட்டில் பருத்து, மூட முடியாமல் சிக்கிக்கொண்டிருந்தது.

கேப்டனும் குனிந்து கேட்டார். அப்புறம் தானே ப்ரொப்பெல்லரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வசந்தாவைப் பார்க்காமலே, "நல்ல எடமாப் பாத்துதான் எறக்கியிருக்க" என்றார். அவள் திரும்பிக்கொண்டாள். அழுதாளா தெரியாது. தூறல் விழுந்துவிட்டது.

மற்றதெல்லாம் ஏரியில் தண்ணீர் ஏறுமுன் விமானத்தைக் கரையேற்றும் ஓட்டம்தான். இறக்கைகளைக் கழற்றி இரண்டு மாட்டு வண்டிகளில் ஏற்றினோம். உடம்பைக் கயிறு கட்டி ஊரே இழுத்தது. நிலக்காரர், கூலிக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் சேற்றில் விழுந்து எழுந்தோம். கரைமேல் ஏறியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

விசாரணையில் என்னை மூன்று பேர் மாற்றி மாற்றிக் குடைந்தார்கள். முடியும்வரை இன்ஜினைத் தொடக்கூடாது என்று பிளக் துடைக்கப் போட்டார்கள். தேய்மானக் கோளாறு, ஆறிய இன்ஜினில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று கடைசியில் விட்டார்கள். வசந்தாவுக்கு லைசென்ஸ் கிடைத்தது. ஆனால் ஒன்று. அதற்குப் பிறகு நான் சரிபார்த்துக் கொடுத்த விமானத்தைக்கூட, ஏறுமுன் ஒருமுறை ப்ரொப்பெல்லரைத் தானே இழுத்து நாலு சிலிண்டரையும் கையால் பார்த்துக்கொள்வாள். எனக்கு ரோஷமாக இருக்கும். சரிதானே என்றும் தோன்றும். பிறகு கல்யாணமாகி வடக்கே போய், அங்கே பறக்கச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் தெரியாது.

அந்தக் கிளப் மூடிப் பல வருஷமாகிறது. அஞ்சலையும் இல்லை. போன வருஷம் ஊருக்குப் போனபோது கரைமேல் ஏறி நின்றேன். ஏரிக்குள் கண்ணுக்கெட்டியவரை சீமைக்கருவேல முள். வெளியே வயலெல்லாம் மனைக்கற்கள், கரண்டுக் கம்பிகள், செல்போன் கோபுரம். என் கண் தானாக இடம் தேடி அலைந்தது. இன்றைக்கு மேலே ஒருத்திக்கு இன்ஜின் திணறினால், அவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், இறங்க இங்கே இடமில்லை.