ஒரு பட்டாணி அளவு

நான் வேலை பார்க்கும் சிகாகோ மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் புட்டிகளைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். முகப்பூச்சோ எண்ணெயோ, முன்பக்கத்து அழகியின் படத்துக்கு ஒரு பார்வை. உடனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இறங்கிவிடுவார்கள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். தென்காசியில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு மோந்து பார்ப்போம். மூக்கு சரி என்றால் சரி. வந்த புதிதில் இவர்களைப் பார்த்துச் சிரித்தவள், இப்போது நானும் நின்று வாசிக்கிறேன். வயிற்றில் இருப்பதை முதுகில் எழுதிக்கொண்டு நிற்கும் புட்டியின் மேல் எனக்கு மரியாதையே உண்டாகிவிட்டது.

இப்போது எங்கள் கடையில் வைட்டமின் ஏ அமில கிரீமுக்குத்தான் கிராக்கி. பருவுக்கென்று வந்த மருந்து. சுருக்கத்தையும் நீக்குமாம் என்று பேச்சுக் கிளம்பியதும், நடுவயதுப் பெண்கள் டாக்டர் சீட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். போன வாரம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, உங்கள் ஊரில் முகத்துக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் என்றேன். “உனக்கு எதற்கு அது? நீதான் ஏற்கனவே நல்ல நிறமாக இருக்கிறாயே!” என்றார். இங்கே அதைக் கடற்கரையில் பூசிக்கொண்டு, கறுப்பதற்காக வெயிலில் படுப்பார்கள். கறுத்துவிடுவோமே என்று குடை பிடித்துப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

அந்தக் கிரீமால் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. ஐந்து வருடம் முன்பு, என் பருவுக்கு டாக்டர் எழுதித் தந்த ட்யூபில் பாதியை, தென்காசியிலிருந்த தங்கை உலகம்மாளுக்கு ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினேன். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்கு அனுப்பியதே தப்பு. அதைவிடப் பெரிய தப்பைக் கடிதத்தில் செய்தேன். படித்த பெருமையில், சேர்மானத்தை வரி வரியாக எழுதினேன். மருந்து என்பது ஆயிரத்தில் அரைப் பங்குதான். மற்றதெல்லாம் அதைத் தூக்கிச் சுமக்கும் தண்ணீர், ஸ்டியரிக் அமிலம், ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட். அந்த மிரிஸ்டேட்டைத் தேங்காய் எண்ணெயிலிருந்தும் எடுப்பார்கள் என்று எங்கள் மருந்தாளர் சொல்லியிருந்தார். நம்ம தேங்காய் எனக்கு முன்னாலேயே இங்கே குடியேறி வேறு பெயரில் பிழைக்கிறது என்று கிண்டலும் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுதான் போட வேண்டும், வெயில் ஆகாது.

அந்த ஆனியில் லீவில் ஊருக்குப் போனேன். நாலு நாளில் உலகுவைப் பெண் பார்க்கச் செங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. கதவைத் திறந்தவளின் கன்னம் இரண்டும் சிவந்து, வெங்காயத் தோலாக உரிந்து நின்றது.

“ஏட்டி, என்ன பண்ணித் தொலச்ச?”

“நீ அனுப்பினதத்தான் போட்டேன். எண்ணெ மாதிரி வழிய வழியத் தேச்சு, எளவெயில்ல உக்காந்து ஊற வச்சேன். நல்லா எரிஞ்சிது. சரி, வேல செய்யுதுன்னு நெனச்சேன்.”

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் வளர்ந்தவள் வேறு எப்படிப் போடுவாள்? அவளைத் திட்ட எனக்கு வாய் ஏது? உள்ளே வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா கிரீமை நிறுத்தி, வேறு எதுவும் போடக் கூடாது என்றார். தோல் ஆறப் பத்து நாளாவது ஆகும் என்றார். பத்து நாளுக்கு எங்கே போவது? குற்றாலத்து எண்ணெய் தேய்த்தால் எல்லாம் சரியாகும் என்று அம்மா எங்களைத் துரத்திவிட்டாள். சாரலில் நனைந்துகொண்டே அருவிக்கரை எண்ணெய்க் கடைக்குப் போனோம். என் வயதுதான் இருக்கும் அந்தக் கடைக்காரருக்கு. இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று அமெரிக்கப் பழக்கத்தில் கேட்டேன். கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ உலகுவின் முகத்தைப் பார்த்தார்.

“நல்லெண்ணெ, வேப்பெண்ணெ, கொஞ்சம் கற்பூரம். இது ஒடம்புல தேச்சுப் புடிக்கதுக்கு. உரிஞ்ச மொகத்துல பட்டா தீயா எரியும். வேண்டாம்மா, நான் தரமாட்டேன்.”

“டாக்டரம்மாவும் ஒண்ணும் போடாதங்காவ. பெறவு என்ன போட அண்ணாச்சி?” என்றாள் உலகு.

“டாக்டரு ஒண்ணும் போடாதன்னா போடாதீய. ரொம்பக் காஞ்சா வெறுந்தேங்காண்ணெ, ரெண்டு சொட்டு. ரெண்டே ரெண்டு.”

கையிலிருந்த வியாபாரத்தை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்ன அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது. பொடி எழுத்தில் அச்சடிப்பதைத்தான் அவர் வாயால் சொன்னார். அளவையும் சேர்த்துச் சொன்னார், நான் விட்ட அளவை.

பெண் பார்க்க வந்த அன்று பவுடர் அப்பிவிடலாம் என்றாள் அம்மா. உலகு மறுத்துவிட்டாள். உரிந்த முகத்தோடே காபித் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா, “மொகத்துல என்னம்மா?” என்றார். “சூடு பத்திட்டு...” என்று அம்மா ஆரம்பித்தாள். இந்தச் சம்பந்தம் போனால் என்னால்தான் போகும்.

உலகு குறுக்கே பேசினாள். “இல்ல அத்தை. எங்க அக்கா அமெரிக்காவுல இருந்து மருந்து அனுப்புனா. பட்டாணி அளவு போடணுமாம், நான் அள்ளிப் பூசிட்டேன். ஏற்கனவே பருவும் உண்டு.”

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். “உள்ளத உள்ளபடி சொல்லுதாளே! இதுக்கு மேல என்ன வேணும்?” ஆவணியில் கல்யாணம். என்னைவிடச் சின்னவளுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் வியக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் செங்கோட்டையிலிருந்து அவள் ஒரு புட்டி எண்ணெய் அனுப்பியிருந்தாள். வந்து சேர்வதற்குள் மெழுகாக உறைந்திருந்தது. புட்டியின் முதுகில் அவள் கையெழுத்தில் ஒரு தாள்: “சேர்மானம்: தேங்காய். வேறு ஒன்றும் இல்லை. அளவு: வழிய வழிய.”

சிரித்தேன், கண்ணும் நிறைந்துவிட்டது. வெந்நீரில் வைத்து உருக்கக்கூடப் பொறுமையில்லை. மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தேன். விரல் நுனியைப் பார்த்தேன். சரியாக ஒரு பட்டாணி அளவு.